சிம்மக்கல்லில் டீஸல் வண்டி

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் காலத்தில் மோட்டார் வண்டி இருந்திருந்தால், மூன்றாவதாக அதையும் சேர்த்திருப்பார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. வீடு கட்டுகிறவருக்குக் கொத்தனார் ஒருவர் யோசனை சொல்வார். கல்யாணம் செய்கிறவருக்குத் தரகர் ஒருவர் யோசனை சொல்வார். மோட்டார் வாங்கப் போகிறவருக்கோ ஊரே யோசனை சொல்கிறது. "டீஸலே வாங்குங்கள், எண்ணெய்ச் செலவு பாதிதான்" என்பார் டீக்கடையில் ஒருவர். "டீஸலா! அதன் காலம் மலையேறி விட்டதே, ஐயா!" என்பார் அடுத்த பெஞ்சியில் இருப்பவர். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவரும் தத்தம் பிரயாணத்தை நினைத்துக் கொண்டு பேசுகிறார்கள். வாங்கப் போகிறவரின் பிரயாணத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. குழப்பமெல்லாம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

ஜீப்பைப் போல் சற்று உயர்ந்து நின்று, காரைப் போல் சொகுசாக ஓடும் வண்டிக்கு 'எஸ்.யு.வி.' என்று பெயர் வழங்குகிறது. அதில் நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் சிறிய வகை ஒன்று இருக்கிறது. அந்தச் சிறிய வண்டியை டீஸல் எஞ்சினோடு வாங்கலாமா, கூடாதா என்பதே நமது விசாரணை. விசாரணைக்கு மதுரைச் சிம்மக்கல்லை எடுத்துக் கொண்டோம். காரணம் இருக்கிறது. சிம்மக்கல்லுக்குத் தெற்கே நடந்தால் மாசி வீதிகளும் அவற்றின் சந்துகளும். அங்கே வண்டி ஓட்டுவது என்பது பெரும்பாலும் வண்டியை நிறுத்திக் கொண்டிருப்பதுதான். வடக்கே வைகைப் பாலத்தைத் தாண்டினால் சோழவந்தானுக்கும், நத்தத்துக்கும், திண்டுக்கல்லுக்கும் சாலைகள் நீளுகின்றன. டீஸல் எஞ்சினுக்கு ஆகாத இடமும், ஆகி வந்த இடமும் ஒரு கல் தூரத்துக்குள் சேர்ந்திருக்கின்றன. இதைவிட நல்ல பரீட்சைக் கூடம் வேறெங்கே கிடைக்கும்?

கடலை எண்ணெயில் ஓடிய எஞ்சின்

டீஸல் என்பது எண்ணெயின் பெயர் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர். ருடால்ப் டீஸல் என்ற ஜெர்மன் எஞ்சினியர் 1897-ஆம் வருஷத்தில் ஆக்ஸ்பர்க் நகரில் தம்முடைய எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி தெறித்து எரிபொருளைப் பற்ற வைக்கிறது. டீஸல் எஞ்சினில் பொறி கிடையாது. காற்றை மிகவும் இறுக்கி அமுக்கினால் அது கொதிப்பேறுகிறது. அந்தச் சூட்டில் எண்ணெயைத் தூவினால் தானே பற்றிக் கொள்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்புறம் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான், பல மடங்கு பெரிதாக.

1900-ஆம் வருஷத்தில் பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு சிறிய டீஸல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது என்பதை அறிந்தால், நிலக்கடலை விளைவிக்கும் நமது மானாவாரிக் குடியானவர்கள் ஆச்சரியப்படுவார்கள். அந்த வழியில் உலகம் தொடர்ந்து போகவில்லை. இன்று நம் தேசம் தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. ஆகையால் லிட்டருக்கு எத்தனை தூரம் ஓடும் என்ற கேள்வி ஒரு வீட்டின் கணக்கு மட்டுமல்ல. தேசத்தின் கணக்கும் ஆகும்.

மோட்டாருக்கும் மதுரைக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதல்ல. 1912-ஆம் வருஷத்திலேயே டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் போக்குவரத்தைத் துவக்கி விட்டார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தது. அப்பொழுது டி. வி. எஸ். ஸ்தாபனத்தார் வாயு உற்பத்தி செய்யும் யந்திரம் ஒன்றைச் செய்து மோட்டார் வண்டிகளை ஓட வைத்தார்கள். கிடைக்கும் எரிபொருளுக்கும், போகவேண்டிய வழிக்கும் ஏற்றபடி வண்டியை அமைத்துக் கொள்வது என்பது மதுரைக்குப் பழக்கமான புத்திசாலித்தனந்தான். இப்பொழுது நாம் கேட்பதும் அதுவே.

வரிக்குப் பயந்து வால் குறுகிய வண்டி

இந்தச் சிறிய வண்டிகளின் பின்புறம் சட்டென்று வெட்டி விட்டாற்போல் முடிவதைக் கவனித்திருக்கிறீர்களா? அது அழகுக்காகச் செய்ததல்ல, வரிக்காகச் செய்தது. 2006-ஆம் வருஷத்தில் மத்திய ஸர்க்கார் ஒரு விதி செய்தார்கள். நீளம் நான்கு மீட்டருக்குள்ளும், பெட்ரோல் எஞ்சின் 1,200 ஸி.ஸி.க்குள்ளும், டீஸல் எஞ்சின் 1,500 ஸி.ஸி.க்குள்ளும் அடங்கினால் அது சிறிய கார். அதற்கு வரி குறைவு. அன்று முதல் வண்டி செய்கிறவர்கள் எல்லாரும் அளவு நாடாவைக் கையில் எடுத்துக் கொண்டு உட்கார்ந்து விட்டார்கள்.

அந்த அளவுக்குள் ஓர் உயரமான வண்டியைச் செய்து ஜனங்களை மயக்கியது, நமது செங்கற்பட்டை அடுத்த மறைமலை நகரில்தான். 2013-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அங்கிருந்து போர்டு கம்பெனியாரின் 'ஈக்கோஸ்போர்ட்' வெளிவந்தது. 2016-இல் மாருதியின் 'விட்டாரா பிரெஸ்ஸா' வந்தது. ஆரம்பத்தில் அது டீஸலில் மட்டுமே கிடைத்தது. அதில் பொருத்தியிருந்த 1.3 லிட்டர் எஞ்சின் இத்தாலிய பியட் கம்பெனியாரின் சிருஷ்டி. பல கம்பெனிகளின் பற்பல கார்களில் அதே எஞ்சின் புகுந்து கொண்டபடியால், அதை "இந்தியாவின் தேசிய எஞ்சின்" என்று வேடிக்கையாக அழைத்தார்கள். அசல் இத்தாலிக்குச் சொந்தமான ஒன்று நம் தேசியப் பட்டம் பெற்ற விந்தையை என்னவென்று சொல்வது!

அந்தக் காலத்தில் டீஸல் வாங்குவதற்கு யோசனையே வேண்டியிருக்கவில்லை. 2012-ஆம் வருஷம் மே மாதத்தில் பெட்ரோலுக்கும் டீஸலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. பஸ்ஸுக்கும், லாரிக்கும், கிணற்றடிப் பம்புக்கும் என்று ஸர்க்கார் பணம் போட்டு டீஸல் விலையைத் தாழ்த்தி வைத்திருந்தார்கள். ஏழைக்கு ஊற்றிய கஞ்சியில் கார்க்காரர்களும் கை நனைத்தார்கள் என்றே சொல்ல வேண்டும். 2014-ஆம் வருஷம் அக்டோபரில் அந்தத் தளை நீங்கியது. டீஸல் விலை சந்தையோடு ஏறி இறங்கத் தொடங்கியது. 2024 மார்ச்சில் விலையைக் குறைத்த பிறகு, தமிழ்நாட்டில் பெட்ரோல் லிட்டர் சுமார் 100 ரூபாய்க்கும், டீஸல் சுமார் 92 ரூபாய்க்கும் விற்றன. முப்பது எங்கே, எட்டு எங்கே?

அடுத்த அடி 2020-ஆம் வருஷம் ஏப்ரலில் விழுந்தது. பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாடு அமலுக்கு வந்தது. டீஸல் எஞ்சினின் புகையைச் சுத்தப்படுத்த விலையுயர்ந்த கருவிகள் தேவைப்பட்டன. சிறிய காருக்கு அந்தச் செலவு கட்டாது என்று மாருதி கம்பெனியார் டீஸலையே கைவிட்டார்கள். 'தேசிய எஞ்சின்' அத்துடன் ஓய்வு பெற்றது. போர்டு கம்பெனியார் 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதையே நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஆனாலும் டீஸல் செத்து விடவில்லை. டாட்டாவின் 'நெக்ஸான்', மஹீந்திராவின் 'எக்ஸ்.யு.வி. 3 எக்ஸ்.ஓ.', ஹூண்டாயின் 'வென்யூ', கியாவின் 'சோனெட்' முதலியவை சிறிய டீஸல் வண்டிகளாக 2025-இலும் கடைக்கு வந்து கொண்டிருந்தன. கிராமங்களில் பேர் பெற்ற 'பொலேரோ'வும் 2016-இல் நான்கு மீட்டருக்குள் தன்னைக் குறுக்கிக் கொண்டு வந்து சேர்ந்தது.

இரண்டு வீடுகள்

இனிக் கணக்குக்கு வருவோம். சிம்மக்கல்லில், பேச்சியம்மன் படித்துறைப் பக்கம், இரண்டு வீடுகள் இருப்பதாக வைத்துக் கொள்வோம்.

முதல் வீட்டுக்காரருக்குக் கீழ மாசி வீதியில் பலசரக்கு வியாபாரம். மனைவி ஆற்றுக்கு அக்கரையில் ஆசிரியை. வீட்டில் வயதான தாயார், முழங்கால் வலி. தாழ்ந்த காரில் குனிந்து ஏறவும், எழுந்து இறங்கவும் அந்த அம்மாளால் முடிவதில்லை. உயரமான வண்டி வேண்டும் என்ற எண்ணம் அதனால்தான் வந்தது. அது நியாயமான எண்ணமே. மூத்த பெண் அடுத்த வருஷம் காலேஜில் சேரப் போகிறாள். பாங்கியில் இருக்கும் பணம் வண்டிக்கும் ஆகலாம், படிப்புக்கும் ஆகலாம். ஆகையால் இந்த வீட்டில் ஒரு லட்சம் ரூபாய் என்பது வெறும் எண்ணல்ல. பெண்ணின் ஒரு வருஷப் படிப்பு அதில் அடங்கியிருக்கிறது.

இந்தக் குடும்பம் எவ்வளவு தூரம் போகும்? நாளொன்றுக்கு ஊருக்குள் பத்துக் கிலோமீட்டர் என்றால், வருஷத்தில் முந்நூறு நாளைக்கு 3,000. உசிலம்பட்டிப் பக்கத்துச் சொந்த ஊருக்கு மாதம் இரண்டு தடவை, போகவர 80 வீதம், ஏறக்குறைய 1,900. சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால் 900-க்கு மேல். ஆக மொத்தம் சுமார் 6,000 கிலோமீட்டர்.

இரண்டாவது வீட்டுக்காரர் பூ வியாபாரி. பொழுது விடியுமுன் நிலக்கோட்டைச் சந்தைக்குப் போகிறார். திரும்பி மாட்டுத்தாவணிக்கு வருகிறார். தினம் 80 கிலோமீட்டருக்குக் குறையாது. அவருக்கு வருஷத்துக்கு 24,000.

இப்பொழுது வண்டிகளைப் பார்ப்போம். ஒரே ரகத்தில் பெட்ரோல் வண்டி ஒன்பதரை லட்சம், டீஸல் வண்டி பத்தரை லட்சம் என்று வைத்துக் கொள்வோம். வித்தியாசம் ஒரு லட்சந்தானே என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் 2023 நவம்பரில் தமிழ்நாட்டு ஸர்க்கார் ஆயுள் வரியை மாற்றியமைத்தபோது ஒரு கோடு கிழித்தார்கள். ஐந்து முதல் பத்து லட்சம் வரை விலையுள்ள வண்டிக்கு நூற்றுக்கு 13. பத்து லட்சத்தைத் தாண்டினால் நூற்றுக்கு 18. நம்முடைய பெட்ரோல் வண்டிக்கு வரி 1,23,500 ரூபாய். டீஸல் வண்டிக்கோ 1,89,000 ரூபாய். ஒரு லட்சமாகத் தோன்றிய வித்தியாசம் 1,65,500 ரூபாயாகப் பருத்து விட்டது! விலைச் சீட்டில் முதல் வரியை மட்டும் படிக்கிறவர்கள் ஏமாறும் இடம் இது. இரண்டு வண்டியுமே பத்து லட்சத்துக்கு மேலாக இருந்தாலோ, இரண்டும் கீழாக இருந்தாலோ, வித்தியாசம் இத்தனை பெருகாது. ஆகையால் தாம் விரும்பும் ரகம் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பதை முதலில் பார்த்துக் கொள்ள வேண்டும். மத்திய ஸர்க்காரின் ஜி.எஸ்.டி.யில் இருந்த வேற்றுமை 2025 செப்டம்பர் 22-ஆம் தேதியோடு போய்விட்டது. அன்று முதல் சிறிய பெட்ரோல் வண்டிக்கும், சிறிய டீஸல் வண்டிக்கும் ஒரே விகிதமாக நூற்றுக்கு 18 என்று ஏற்பட்டது.

எண்ணெய்ச் செலவு என்ன? பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டரும், டீஸல் வண்டி 18 கிலோமீட்டரும் ஓடுவதாகக் கொள்வோம். கிலோமீட்டருக்குப் பெட்ரோல் ஏழு ரூபாய்க்குச் சற்று மேல். டீஸல் ஐந்து ரூபாய்க்குச் சற்று மேல். மிச்சம் இரண்டு ரூபாய். டீக்கடை நண்பர் சொன்ன "பாதிச் செலவு" எங்கே போயிற்று என்று தேடிப் பார்க்க வேண்டியதுதான்!

கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் வீதம் 1,65,500 ரூபாயை மீட்பதற்கு எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். பூ வியாபாரி மூன்றரை வருஷத்தில் அதை மீட்டு விடுவார். அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் அவருக்கு லாபம். பலசரக்குக் கடைக்காரருக்கோ பதின்மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பெண்ணுக்குப் படிப்பு முடிந்து, கல்யாணமும் நடந்து, பேரப் பிள்ளையும் வந்துவிடலாம். டீஸலில் மிச்சம் பிடித்த பணம் மட்டும் இன்னும் வந்து சேர்ந்திராது.

சல்லடையின் பசி

பணக் கணக்கு இத்துடன் முடிந்தது. ஆனால் இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று வண்டியின் அடிவயிற்றில் இருக்கிறது. பி.எஸ். 6 டீஸல் வண்டியின் புகைக் குழாயில் ஒரு சல்லடை வைத்திருக்கிறார்கள். எஞ்சினிலிருந்து வரும் கரித்தூளை அது பிடித்து வைத்துக் கொள்கிறது. கரி நிறைந்ததும், அதை உள்ளேயே எரித்துச் சாம்பலாக்கிச் சல்லடை தன்னைத் தானே சுத்தம் செய்து கொள்ள வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரிச் சூடு வேண்டும். வண்டி ஒரே சீரான வேகத்தில், கால் மணி அல்லது இருபது நிமிஷம் நெடுஞ்சாலையில் ஓடினால்தான் அந்தச் சூடு எளிதில் உண்டாகும்.

இனி நமது கடைக்காரரின் பிரயாணத்தை நினைத்துப் பாருங்கள். பேச்சியம்மன் படித்துறையிலிருந்து புறப்படுகிறார். வடக்கு மாசி வீதி முனையில் ஒரு தள்ளுவண்டி. அதற்கு எதிரே ஓர் ஆட்டோ. இரண்டுக்கும் நடுவே, உலகத்தில் தனக்கு எந்த அவசரமும் இல்லை என்று தீர்மானித்து விட்ட ஒரு பசுமாடு. இரண்டாவது கியரைக் காண்பதற்குள் கடை வந்துவிடுகிறது. எஞ்சின் சரியாகச் சூடேறக்கூட நேரமில்லை. சல்லடைக்கு எங்கிருந்து 600 டிகிரி வரும்? கரி சேருகிறது. சுத்தம் செய்யும் வேலை ஆரம்பமாகிறது. பாதியில் சாவியைத் திருப்பி நிறுத்தி விடுகிறார். மறுபடியும் ஆரம்பம், மறுபடியும் நிறுத்தம். எரியாமல் தங்கிய எண்ணெய் எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதையும் நீர்க்கச் செய்கிறது. ஒரு நாள் எதிரே விளக்கு எரிகிறது. வண்டி வேகம் குறைகிறது. பட்டறைக்குப் போக வேண்டியதாகிறது. சல்லடை அடியோடு அடைத்து, மாற்ற வேண்டியதாகி விட்டால், அதுவரை எண்ணெயில் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரு சீட்டில் போய்விடும்.

இதை வண்டியின் குற்றம் என்று சொல்வது தர்மமல்ல. உழவு மாட்டைத் திண்ணையில் கட்டிப் போட்டு விட்டு, அது நோயில் படுத்தது என்று வருந்துவது யார் பிழை? டீஸல் எஞ்சின் நெடுவழிக்குப் பிறந்தது. குறைந்த சுழற்சியிலேயே இழுவை சக்தி மிகுதி. குடும்பத்தோடும் மூட்டை முடிச்சோடும் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலை ஏறும்போது, கியரை மாற்றி மாற்றி அதட்ட வேண்டிய அவசியமில்லாமல் அது நிதானமாக ஏறுவதே தனி அழகு. பூ வியாபாரியின் வண்டியில் சல்லடைக்குத் தினமும் வயிறு நிறையச் சூடு கிடைக்கிறது. அதனால் அவருக்கு அந்தத் தொல்லையே தெரியாமல் போகக்கூடும். ஒரே தெருவில், ஒரே வண்டி. ஒருவருக்கு மித்திரன், மற்றவருக்குச் சத்துரு!

"அப்படியானால் பி.எஸ். 4 காலத்துப் பழைய டீஸல் வண்டியை வாங்கி விட்டால் என்ன? அவற்றில் பெரும்பாலும் சல்லடையே கிடையாதே!" என்று சாமர்த்தியசாலி ஒருவர் கேட்பார். உண்மைதான். அவருக்குச் சல்லடைத் தொல்லை இராது. ஆனால் அந்தக் கரி எங்கே போகும் என்று கேட்க வேண்டாமா?

எதிர் வீட்டுத் திண்ணை

யானைக்கல்லுக்கு யானையும், சிம்மக்கல்லுக்குச் சிங்கமும் கல்லில் நின்று பெயர் கொடுத்திருக்கின்றன. இந்தப் பேட்டைகள் மோட்டாருக்காக ஏற்பட்டவை அல்ல. கோவிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகளை வகுத்தவர்கள் தேரையும், உற்சவ மூர்த்தியையும், நடந்து வரும் ஜனங்களையும் மனத்தில் வைத்து வகுத்தார்கள். பழைய கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து நகரத்தை விரித்தது 1830, 40-களில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில். வைகையின்மேல் ஆல்பர்ட் விக்டர் பாலம் எழுந்தது 1889-இல். மாட்டு வண்டிக்குப் போட்ட கணக்கில்தான் நம்முடைய ஆறடி அகல மோட்டார் இன்று புகுந்து புறப்படுகிறது.

சந்தில் வண்டி நின்றால், அதன் புகைக் குழாய் நிற்கும் இடம் எதிர் வீட்டுத் திண்ணை. 2012-ஆம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார், டீஸல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக வகுத்து விட்டார்கள். நெடுஞ்சாலையில் காற்றோடு கலந்து போகும் புகை வேறு. இரு புறமும் சுவர் நிற்கும் சந்தில் தேங்கும் புகை வேறு. பக்கத்து வீட்டுக் குழந்தை அதைச் சுவாசிக்கிறது. அந்தக் குழந்தையை யாரும் கேட்டுக் கொண்டு வண்டி வாங்குவதில்லை. ஆகவே, சல்லடை இல்லாத பழைய டீஸல் வண்டியைச் சந்துக்குள் குறுகிய தூரம் ஓட்டுவதற்கென்று வாங்குவது பணத்துக்கு மலிவாயிருக்கலாம், அயலாருக்கு மலிவல்ல.

டில்லியில் நடந்தது நமக்கு ஓர் எச்சரிக்கை. பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீஸல் வண்டிகள் தலைநகர்ப் பிரதேசத்தில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டது. 2018-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை வற்புறுத்தியது. அந்த உத்தரவு மதுரைக்கு உரியதல்ல. ஆனாலும் பதின்மூன்று வருஷத்தில் லாபம் காணலாம் என்று கணக்கிடுகிறவர்கள், பதின்மூன்று வருஷத்தில் சட்டம் எப்படியெல்லாம் திரும்பக் கூடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவது நலம்.

உயரத்தில் ஒரு மயக்கம்

எஸ்.யு.வி.யின் உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு ஏற இறங்க ஸௌகரியம். மேடு பள்ளமான கிராமத்துச் சாலையில் அடி தட்டாது. இவை உண்மையான நன்மைகள். இந்த நன்மைகள் பெட்ரோல் வண்டியிலும் அப்படியே இருக்கின்றன என்பதை மட்டும் மறக்கக் கூடாது. தாயாரின் முழங்காலுக்கு வேண்டியது உயரந்தான், டீஸல் அல்ல.

அந்த உயரம் வெள்ளத்தில் போகலாம் என்ற அனுமதிச் சீட்டும் அல்ல. 2024 அக்டோபர் 25-ஆம் தேதி மதுரையில் கொட்டிய மழையில், சிம்மக்கல்லுக்கு அக்கரையில் உள்ள செல்லூரில் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. தரைக்கும் வண்டியின் அடிக்கும் இடையே எட்டு அங்குலம் இருக்கிறதென்று தைரியமாக இறங்கினால், காற்றுக் குழாய் வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. எஞ்சினின் தண்டே வளைந்துவிடும். மழை நின்று வடியும் வரை வீட்டில் உட்கார்ந்து சுக்குக் காப்பி சாப்பிடுவதுதான் எந்த வண்டிக்கும் தகுந்த வைத்தியம்.

உயரத்தைவிட உறுதி முக்கியம். 2018 டிசம்பரில் 'நெக்ஸான்' வண்டி உலக மோதல் பரீட்சையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இந்தியாவில் செய்த கார்களில் அந்தத் தகுதியை முதன்முதலில் பெற்றது அதுவே. 2023 அக்டோபர் முதல் நம் தேசமே 'பாரத் என்காப்' என்ற பெயரில் சொந்தமாகப் பரீட்சை நடத்தி வருகிறது. தங்க நிறச் சக்கரமா, திறக்கும் கூரையா என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிற குடும்பத் தலைவரே குழந்தைகளிடத்தில் உண்மையான அன்புள்ளவர்.

என்ன செய்யலாம்?

வாசக நேயர்கள் நம்மிடம் முடிவான பதில் எதிர்பார்ப்பது நியாயம். சொல்கிறோம்.

வருஷத்துக்குப் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவராயும், அதில் பெரும் பாகம் ஊருக்கு வெளியே ஒரே மூச்சில் ஓடுகிற வழியாயும் இருந்தால், சிறிய டீஸல் வண்டியைத் தயங்காமல் வாங்கலாம். பூ வியாபாரிக்கும், கிராமம் கிராமமாகச் செல்லும் மாட்டு வைத்தியருக்கும், வாடிப்பட்டிப் பக்கம் தோப்பும் மதுரையில் வீடுமாக இருப்பவருக்கும் அது உழைக்கும், உழைத்துக் கொடுக்கும். வருஷத்துக்கு எட்டாயிரத்துக்குக் கீழே, அதிலும் பெரும்பாலும் மாசி வீதிகளுக்குள்ளே என்றால், பெட்ரோல் வண்டியே போதும். மிச்சமாகும் ஒன்றரை லட்சத்தைப் பெண்ணின் பெயரில் பாங்கியில் போடுவதைவிட மேலான முதலீடு கிடையாது. சொந்தமாகக் கொட்டகையும் மின்சார இணைப்பும் உள்ளவர் மின்சார வண்டியையும் யோசிக்கலாம். தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு மாடியிலிருந்து கம்பி தொங்கவிட வேண்டிய சிம்மக்கல் வீடுகளுக்கு அது எளிதல்ல.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் ஒரு காரியம் செய்யலாம். கடைக்குப் போய் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால், ஒரு மாதம் ஒரு சிறு நோட்டுப் புஸ்தகத்தில், எங்கே போனோம், எத்தனை தூரம், எத்தனை நேரம் என்று தினமும் எழுதி வைக்க வேண்டும். பஸ்ஸில் போனாலும் சரி, ஆட்டோவில் போனாலும் சரி, எழுத வேண்டும். மாதக் கடைசியில் இரண்டு கூட்டல் போட வேண்டும்: ஊருக்குள் எத்தனை, ஊருக்கு வெளியே எத்தனை. வருஷத்தில் ஒரு தடவை போகும் கொடைக்கானலை மனத்தில் வைத்துக் கொண்டு முந்நூற்று அறுபத்தைந்து நாளைக்கும் வண்டி வாங்குவதுதான் நம்மில் பலர் செய்யும் பிழை. அந்த ஒரு பிரயாணத்துக்கு ஒரு வாடகை வண்டி அமர்த்திக் கொண்டால் போகிறது.

சம்பந்தி வீட்டு வாசலில் எது நிற்கிறது என்பதும், ஷோரூமில் எதற்கு மாலை போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதும் அந்த நோட்டுப் புஸ்தகத்தில் இடம் பெறாது. அதுவே அதன் பெருமை. கடன் கொடுக்கும் பாங்கியும் வண்டி விற்கும் கடையும் நமக்கு எவ்வளவு பணம் கட்ட முடியும் என்பதைத்தான் கேட்கும். நாம் எவ்வளவு தூரம் போகப் போகிறோம் என்பதை நாமேதான் கேட்டுக் கொள்ள வேண்டும்.